பழைய ஏ320 போர்டில் புது பிராசஸர்: ஒரு ஸ்டூடியோ கம்ப்யூட்டரின் அப்கிரேடு

கும்பகோணத்தில் என் பெரியப்பா மகன் ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அங்கே ஓடுவது 2018-ல் சேர்த்த கம்ப்யூட்டர். ஏஎம்டி-யின் ரைசன் 3 2200ஜி பிராசஸர், ஏ320 சிப்செட் (போர்டின் மற்ற பாகங்களை இணைக்கும் சிப்) உள்ள மதர்போர்டு, 2400 வேகத்தில் ஒற்றை 8 ஜிபி டிடிஆர்4 ரேம், பிற்பாடு போட்ட ஒரு எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கல்யாண ஆல்பம் டிசைன்தான் முக்கிய வேலை; இடையிடையே பாஸ்போர்ட் போட்டோ, சின்னச் சின்ன வீடியோ.

இரண்டு தொல்லைகள் ஒன்றாக வந்தன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் பிராசஸர்களின் பட்டியலில் 2200ஜி இல்லை. ரைசன் 5 2600 அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2200ஜி-யின் பெயர் 2000 வரிசையில் வந்தாலும் உள்ளே இருப்பது முதல் தலைமுறை ஸென் (ஏஎம்டி-யின் பிராசஸர் வடிவமைப்பு).

அடுத்தது வேகம். ஆல்பத்தின் ஒரு விரிப்பு 12 அங்குலத்துக்கு 36 அங்குலம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3600-க்கு 10800 பிக்சல், ஏறத்தாழ 3.9 கோடி. பிக்சலுக்கு 3 பைட் வைத்தாலும் பக்கம் முழுவதையும் நிரப்பும் ஒரு லேயருக்கே சுமார் 117 எம்பி வேண்டும். பின்னணி, படங்கள், நிழல், பூவேலை என்று பத்துப் பதினைந்து லேயர் போனால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கும் 8 ஜிபியிலும் ஒரு பங்கை உள்ளமைந்த கிராபிக்ஸ் தனக்கென்று எடுத்துவைத்துக்கொள்கிறது.

அண்ணன் விசாரித்த கடையில் போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் மாற்றச் சொன்னார்கள். "தம்பி, போர்டு நல்லாத்தானே இருக்கு, அதையும் ஏன் மாத்தணும்?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. போர்டை மாற்றினால் பெரும்பாலும் விண்டோஸ் ஆக்டிவேஷனும் போய்விடும், அது தனிச் செலவு. பிராசஸரும் ரேமும் மட்டும் மாறினால் பொதுவாக ஆக்டிவேஷன் அப்படியே நிற்கும்.

பலர் பிராசஸரை முதலில் மனதில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் அது இந்தப் போர்டில் உட்காருமா என்று கேட்கிறார்கள். நான் எப்போதும் போர்டின் பெயரில் இருந்துதான் தொடங்குவேன். பிராசஸரை மாட்டும் சாக்கெட்டில் உட்காருவதற்கும் வேலை செய்வதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். இன்டெலின் எல்ஜிஏ1151 சாக்கெட் இதற்கு நல்ல உதாரணம். ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசஸர்களுக்கும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான். உள்ளே உட்காரவும் செய்யும். ஆனால் 100, 200 வரிசை சிப்செட் போர்டில் எட்டாம் தலைமுறை பிராசஸர் ஓடாது. ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் (எங்கள் ஏ320 போர்டில் இருப்பது) இந்த விஷயத்தில் தாராளம், ஆனால் அங்கும் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் நிரல்) என்று ஒரு வாசல் காவல் உண்டு.

ஆகவே முதலில் சிபியு-ஸெட் மென்பொருளைப் போட்டு 'மெயின்போர்டு' பக்கத்தைத் திறந்தேன். போர்டின் முழு மாடல் பெயர், பயாஸ் பதிப்பு, அதன் தேதி மூன்றும் அங்கே கிடைக்கும். மாடல் பெயரைப் பாதியாகப் படிக்கக் கூடாது. கடைசியில் வரும் ஒரு எழுத்தில் போர்டே வேறாகிவிடும். ரிவிஷன் எண்ணை மட்டும் மென்பொருளை நம்பாமல் கேபினெட்டைத் திறந்து போர்டின் ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன். ஒரே மாடலுக்கு 1.0, 1.1, 2.0 என்று ரிவிஷன்கள் வரும். சிலவற்றுக்குப் பயாஸ் கோப்பே தனித்தனி.

அந்தப் பெயரையும் ரிவிஷனையும் வைத்துக்கொண்டு போர்டு தயாரிப்பாளரின் பிராசஸர் ஆதரவுப் பட்டியலுக்குப் போனேன். ஒவ்வொரு பிராசஸருக்கும் எதிரே, எந்தப் பயாஸ் பதிப்பில் இருந்து அது ஓடும் என்று எழுதியிருப்பார்கள். எங்கள் போர்டில் இருந்த பயாஸ் வாங்கிய நாளில் இருந்து யாரும் தொடாதது. பட்டியலிலோ 5000 வரிசைப் பெயர்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றுக்கும் எதிரே புதிய பதிப்பு.

இந்தப் பெயர்கள் அங்கே வந்து சேர்ந்ததற்குப் பின்னால் கொஞ்சம் இழுபறி உண்டு. 2020-ல் ஏஎம்டி, ஸென் 3 பிராசஸர்கள் (இந்த 5000 வரிசை) 500 வரிசை சிப்செட்டுகளில் மட்டும் ஓடும் என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொந்தளித்ததும் 400 வரிசைக்கு இறங்கி வந்தது. ஏ320, பி350, எக்ஸ்370 என்ற 300 வரிசைக்கு 2022-ல்தான் அதிகாரப்பூர்வமாக வழிவிட்டது. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, பயாஸை வைத்திருக்கும் சின்ன சிப்பின் இடம். பழைய போர்டுகள் பலவற்றில் அது 16 எம்பிதான். முதல் ரைசனில் இருந்து கடைசி ரைசன் வரை எல்லாவற்றுக்குமான நிரலை அதற்குள் அடைக்க முடியாது. அதனால் சில தயாரிப்பாளர்கள் பழைய பிராசஸர்களின் ஆதரவை நீக்கினார்கள். வேறு சிலர் பயாஸ் திரையின் படங்களையும் அலங்காரத்தையும் வெட்டினார்கள். இதன் விளைவு பின்னால் நமக்கு வரும்.

சரி, எந்தப் பிராசஸர்? பட்டியலில் ரைசன் 5 5600, 5500, 5600ஜி, 5700ஜி எல்லாம் இருந்தன. விலையை மட்டும் பார்த்தால் 5500-உம் 5600-உம் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று நம்பி இந்த இரண்டில் ஒன்றை மாட்டினால், மின்விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. தனி கார்டு இல்லாத இந்தக் கம்ப்யூட்டருக்கு ஜி என்று முடியும் பிராசஸர்தான் வேண்டும். அதற்காக 8500ஜி பக்கம் போய்விடவும் கூடாது. அது ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 ரேம், வேறு உலகம்.

5600ஜி-யில் 6 கோர், 12 திரெட், 16 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), 65 வாட். வெளிவந்தது 2021 ஆகஸ்டில். கேஷ் பாதியாக இருப்பதால் விளையாட்டுகளில் 5600-ஐ விடப் பின்தங்கும். ஆல்பம் டிசைனுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. 8 கோர் உள்ள 5700ஜி-யைப் பற்றி யோசித்தேன். ஹீட் சிங்க் கூட இல்லாத இந்த ஏ320 போர்டில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் சுற்று மேல் அத்தனை நம்பிக்கை வரவில்லை. தவிர, அந்தப் பணத்தை ரேமில் போட்டால் போட்டோஷாப்புக்குப் பலன் அதிகம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் பிராசஸர்களும் கிடைக்கும், அண்ணனுக்கும் அதில் ஆசை இருந்தது. நான் தடுத்தது 'ப்ரோ' என்று பெயரில் வருபவற்றை மட்டும். அலுவலகங்களுக்குப் போகும் பிராண்டு கம்ப்யூட்டர்களில் இருந்து கழற்றி விற்கும் சில ரைசன் ப்ரோ பிராசஸர்கள், பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டால் அந்தத் தயாரிப்பாளரின் போர்டுகளோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். வேறு போர்டில் அவை எழுந்திருக்காது. வெளியில் இருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியும் இல்லை. கடைசியில் பெட்டியோடு, வாரண்டியோடு புதிதாகவே வாங்கினோம். பெட்டிக்குள்ளேயே கூலரும் வந்துவிடுகிறது.

ரேமுக்கு வருவோம். பிராசஸரை விட இதில்தான் அதிக நேரம் போனது.

கிராபிக்ஸ் உள்ளமைந்த பிராசஸரில் திரையை வரைவதும் கணக்குப் போடுவதும் ஒரே ரேமில் இருந்துதான் உண்ண வேண்டும். 2400 வேகத்தில் ஒற்றை ஸ்டிக் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி தரவு போய்வரும். 3200 வேகத்தில் இரண்டு ஸ்டிக், அதாவது டூயல் சேனல் என்றால் 51.2 ஜிபி. 5600ஜி-க்கு ஏஎம்டி அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் வேகமும் 3200தான். கடையில் சொன்ன யோசனை, இருக்கிற 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி 3200 ஸ்டிக் சேர்ப்பது. செலவு குறைவு, டூயல் சேனலும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் மெதுவான ஸ்டிக்கின் 2400 வேகத்துக்கு இறங்கிவிடும். போர்டில் இருப்பது இரண்டே ஸ்லாட். நாளைக்கு 16 ஜிபி போதாது என்றால் இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். போர்டு ஏற்கும் அளவையும் சரிபார்த்துவிட்டு, ஒரே மாடலில் இரண்டு 16 ஜிபி என்று முடிவு செய்தோம். ரேம் விலை ஏறிக்கிடக்கும் நேரத்தில் அண்ணனைச் சம்மதிக்க வைக்க மேலே சொன்ன லேயர் கணக்குத்தான் உதவியது.

3200 என்று பெட்டியில் போட்டிருக்கும் ரேமில் இரண்டு வகை உண்டு. ஒன்று 1.2 வோல்ட்டில், சிஎல்22 என்ற நிதானமான டைமிங்கில் (ரேம் பதில் தர எடுக்கும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை), பொதுத் தரப்படியே 3200-ல் ஓடுவது. மாட்டினால் போதும். மற்றது பெரும்பாலும் 1.35 வோல்ட், சிஎல்16, எக்ஸ்எம்பி (தயாரிப்பாளர் ரேமிலேயே எழுதிவைத்த வேக அமைப்பு) வகை. இது முதலில் 2133, 2400, 2666 என்று ஏதாவது ஒன்றில்தான் எழும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி-யை இயக்கினால்தான் 3200. எக்ஸ்எம்பி ரேம் கொஞ்சம் வேகம், சந்தேகமில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதுதான் இருக்கிறது. ஆனால் பயாஸ் பக்கமே போகாதவர்கள் பயன்படுத்தும் கடைக் கம்ப்யூட்டருக்கு முதல் வகையே மேல் என்பது என் கருத்து. அமைப்பு ஒருநாள் அழிந்துபோனாலும் வேகம் மாறாது.

இன்னொன்று, ஸ்டிக்கின் மேல் இருக்கும் சிப்புகளை எண்ணிப் பாருங்கள். மலிவான 8 ஜிபி ஸ்டிக்குகள் சிலவற்றில் நான்கே சிப்தான் இருக்கும். லேபிளில் 1ஆர்×16 என்று போட்டிருப்பார்கள். அந்த வகை டிடிஆர்4 சிப்பில் பேங்க் குரூப் (மாறி மாறித் தரவு தரும் உள்பிரிவு) இரண்டுதான். எட்டு சிப் உள்ள 1ஆர்×8 ஸ்டிக்கில் நான்கு. வேக எண் ஒன்றாக இருந்தும் நான்கு சிப் ஸ்டிக் பின்தங்குவது இதனால்தான். நாங்கள் வாங்கிய 16 ஜிபி ஸ்டிக்கில் எட்டு சிப், 1ஆர்×8.

பொருட்கள் வந்ததும் பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸ் வேலையை முடிக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு சோதனைகள். முதலாவது, டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா. பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்கினால் மீட்புச் சாவியை எழுதிவைத்துக்கொள்ளாமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடக் கூடாது. இங்கே இரண்டும் இல்லை. இரண்டாவது, விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறதா, ஜிபிடி என்ற புதிய முறையிலா. இங்கே எம்பிஆர். பயாஸ் புதுப்பித்ததும் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். புதிய பதிப்பில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறை அணைந்திருந்தால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று நின்றுவிடும். விண்டோஸ் 11-க்கும் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை கட்டாயம், அதற்கு டிஸ்க் ஜிபிடி-யில் இருக்க வேண்டும். எனவே ஆல்பங்களை எல்லாம் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றினேன். பிறகு பயாஸில் சிஎஸ்எம்-ஐ அணைத்து, விண்டோஸ் ஒழுங்காக எழுவதைப் பார்த்துக்கொண்டேன்.

பயாஸ் பதிப்புகளுக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் குறிப்புகளைப் பொறுமையாகப் படிப்பது நல்லது. எங்கள் போர்டுக்குக் கடைசிப் பதிப்பை நேரடியாகப் போடக் கூடாது, நடுவில் ஒரு பதிப்பைப் போட்டுவிட்டு வர வேண்டும் என்று இருந்தது. கடைசிப் பதிப்பில் பழைய ஏ-சீரிஸ் பிராசஸர்களின் ஆதரவு நீக்கம், திரும்பிப் போகவும் முடியாது என்றும் இருந்தது. 2200ஜி தப்பித்தது. எல்லா போர்டிலும் இப்படித் தப்பிக்காது. சில தயாரிப்பாளர்கள், ரைசன் 1000, 2000 பிராசஸர் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிப்பைப் போட வேண்டாம் என்றே எச்சரிக்கிறார்கள். அங்கே புதுப்பித்து முடிந்ததும் பழைய பிராசஸரில் திரை வராமல் போகலாம். புதிய பிராசஸர் கையில் இருந்தால் மட்டுமே அதைத் தொட வேண்டும்.

பென் டிரைவை எஃப்ஏடி32-ல் ஃபார்மட் செய்து, கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருப்பதையும், யுபிஎஸ் சில நிமிடமாவது தாங்குவதையும் உறுதி செய்துகொண்டு தொடங்கினேன். நடுப் பதிப்பு, ரீஸ்டார்ட், கடைசிப் பதிப்பு, ரீஸ்டார்ட். வெட்டப்பட்ட பயாஸ் என்பதால் பளபளப்பான பழைய திரை போய், சாதாரண எழுத்துத் திரை வந்தது. விண்டோஸ் வரை போய்வந்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன்.

கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் வேலை வாங்கிச் சூடாக்க வேண்டும், பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் இளகும். ஏஎம்4 பிராசஸரில் ஊசிகள் பிராசஸரில்தான் இருக்கின்றன, மேலே இரும்புப் பிடிப்பும் இல்லை. காய்ந்த பேஸ்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால், லீவர் பூட்டியிருந்தாலும் பிராசஸர் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். ஊசி வளைவது அப்படித்தான். ஸ்க்ரூக்களைக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகினேன்; பேஸ்ட் விட்டது. ஸ்க்ரூ கழன்றதும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்பிளேட்டும் விழுந்துவிடும் என்பதால் கேபினெட்டைப் படுக்க வைத்தே வேலை செய்தேன். புதிய பிராசஸரின் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் தானாகவே இறங்கும், அழுத்தவே கூடாது. புது கூலரின் அடியில் பேஸ்ட் தடவியே வருகிறது. ரேம் இரண்டையும் மாட்டினேன். நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பெரும்பாலும் பிராசஸரில் இருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம்.

பவர் கொடுத்ததும் திரை இருட்டாகவே இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். புதிய ரேமைப் போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது. சில சமயம் தானாகவே அணைந்து எழும். பதறி ஸ்விட்சை அணைக்காமல் விட்டால் போதும். கடைசியில் திரை வந்து, புதிய பிராசஸர் போடப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) தகவலை அழிக்க 'ஒய்' எழுத்தையும், வைத்துக்கொள்ள 'என்' எழுத்தையும் அழுத்தச் சொன்னது. டிஸ்க் பூட்டப்பட்டிருந்து சாவியும் கையில் இல்லாதவர்கள் இங்கே ஒய் அழுத்தினால் தரவுக்கே ஆபத்து. எங்களுக்கு அந்தக் கவலை இல்லாததால் ஒய். பயாஸில் ரேம் 3200, இரண்டு சேனல். கிராபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கினேன், விசிறி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன், விண்டோஸ் 11-க்காக எஃப்டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் இயக்கினேன். எஃப்டிபிஎம்-ஆல் அவ்வப்போது கம்ப்யூட்டர் திக்கித் திக்கி நிற்கும் குறை ஒன்று ஏஎம்4-ல் இருந்தது. 2022-ல் வந்த 1.2.0.7 அஜீசாவில் (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டி-யின் நிரல்) அதைச் சரிசெய்துவிட்டார்கள். புதிய பயாஸ் அதற்குப் பிந்தியது என்பதால் பயமில்லை. அன்றைக்கே விண்டோஸ் 11-உம் ஏறியது, ஆக்டிவேஷன் அப்படியே இருந்தது.

பிராசஸரை முழுதாக வேலை வாங்கும் சினிபென்ச் சோதனையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பத்தைப் பார்த்தேன். 5600ஜி-யின் எல்லை 95 டிகிரி. ஏசி இல்லாத அறையில் 80-ஐத் தாண்டிப் போய் அங்கேயே நின்றது, வேகமும் இறங்கவில்லை. பெட்டியில் வந்த கூலரே போதும், தனியாக வாங்கத் தேவையில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் போன் செய்தார். "தம்பி, தேதி பழசா காட்டுது, நெட்ல எந்தப் பக்கமும் திறக்க மாட்டேங்குது. புது பயாஸ்ல ஏதோ கோளாறு போல." போய்ப் பார்த்தால் பயாஸ் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலையில். புதிதாக மாற்றியதன் மேல்தான் யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் ஸ்டூடியோவில் ராத்திரி மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போகிறார்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் மட்டும் நினைவு அழிகிறது என்றால் கை போக வேண்டிய இடம் போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி. சிஆர்2032-ஐக் கழற்றி மீட்டரில் வைத்தால் 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.5. முன்பும் இது அழிந்துகொண்டுதான் இருந்திருக்கும். மாற்றிய அமைப்பு எதுவும் அப்போது இல்லாததால் தெரியவில்லை. தேதியை மட்டும் விண்டோஸ் நெட்டில் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கலாம். பக்கத்துக் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டு, விசிறி, கிராபிக்ஸ் ஒதுக்கீடு இரண்டையும் மறுபடி அமைத்தேன். இந்தக் குழப்பத்திலும் ரேம் 3200-லேயே ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்எம்பி ரேமாக இருந்தால் அதுவும் இறங்கியிருக்கும்.

பட்டியலில் 5000 வரிசை இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று சிலர் கேட்கக்கூடும். பி550 போர்டு வாங்கலாம். ஆனால் அதில் 2200ஜி ஓடாது. கடையில் நெடுநாள் கிடந்த போர்டில் 5600ஜி-க்கு முந்திய பயாஸ் இருந்தால் இரண்டு பிராசஸர் கையில் இருந்தும் திரை வராது. பிராசஸர் இல்லாமலே பென் டிரைவில் இருந்து பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் வசதி உள்ள போர்டாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கடையிலேயே ஏற்றி வாங்க வேண்டும். இன்டெல் பக்கம் போனால் ஐ5-12400-உம் எச்610 போர்டும். அந்த சிப்செட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது. இரண்டு ரேமுக்கும் 288 ஊசிதான் என்றாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு.

மிச்சமானது 2200ஜி-யும் பழைய 8 ஜிபி ஸ்டிக்கும். அந்த ஸ்டிக்கைப் பில் போடும் கம்ப்யூட்டரில் போட்டுவிடலாமா என்று அண்ணன் கேட்டார். அது எச்61 போர்டு, டிடிஆர்3, 240 ஊசி. "அதுல நுழையாது அண்ணே" என்று சொல்லி இரண்டையும் 5600ஜி வந்த பெட்டிக்குள் போட்டு வைத்தேன். போர்டில் எப்போதாவது கோளாறு வந்தால் சோதித்துப் பார்க்க ஒரு ஜோடி இருக்கட்டும்.